ஏவிய பிறகு என்ன ஆனது? வாயேஜர், ஜூஸ், யூக்ளிட், கையா: விவாத இழை

வான்நோக்கி:

அறிவியல் நூல்கள் எழுதுவது என் தொழில். அதற்காக விண்வெளித் திட்டங்களைப் பற்றிய செய்திகளைப் பல ஆண்டுகளாகத் திரட்டி வருகிறேன். அந்தத் திரட்டைத் திருப்பும்போதெல்லாம் ஒன்று உறுத்துகிறது. விண்கலம் கிளம்பும் அன்று எங்கும் அதே பேச்சு, போய்ச் சேரும் அன்று மறுபடியும் பேச்சு. நடுவில் இருக்கும் ஆறேழு ஆண்டுகளில் அது செத்துப் பிழைத்ததெல்லாம் யார் காதுக்கும் எட்டுவதில்லை. என்னைக் கேட்டால் அந்த நடுப்பகுதியில்தான் சொல்லத் தகுந்த கதைகள் இருக்கின்றன. அதனால் இங்கே புதிய ஏவுதல்களை விட்டுவிட்டு, ஏற்கெனவே மேலே போனவை என்ன ஆயின என்று எழுதுகிறேன்.

முதலில் ஜூஸ். வியாழனின் பனிநிலவுகளுக்காக ஐரோப்பிய விண்வெளி முகமை 2023 ஏப்ரல் 14 அன்று அனுப்பிய கலம். பனிக்கு அடியில் 9 கிலோமீட்டர் ஆழம் வரை துழாவக்கூடிய ரேடார் அதில் இருக்கிறது. அந்த ரேடாரின் 16 மீட்டர் ஆன்டெனா மடித்து வைத்து அனுப்பப்பட்டது. விரிக்கச் சொன்னபோது மூன்றில் ஒரு பங்குதான் வெளியே வந்து நின்றுவிட்டது. ஒரு சின்ன ஊசி தன் துளையிலிருந்து சில மில்லிமீட்டர் நகர மறுத்ததுதான் காரணம். கலத்தைத் திருப்பி அந்த இடத்தில் வெயில் படவைத்துச் சூடேற்றிப் பார்த்தார்கள். எஞ்சினை இயக்கிக் குலுக்கிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அசைந்தது, விடவில்லை. கடைசியில் மே 12 அன்று, ஆன்டெனாவைப் பிடித்திருந்த தாங்கியிலேயே இருந்த ஓர் இயந்திர விடுவிப்பானை இயக்கினார்கள். அதன் அதிர்ச்சியில் ஊசி நழுவியது, ஆன்டெனா விரிந்தது. கலம் 2031 ஜூலையில் வியாழனை அடைய வேண்டும். அந்த ஊசி நழுவாமல் இருந்திருந்தால் அதன் பத்துக் கருவிகளில் ஒன்று போகும் வழியிலேயே குருடாகியிருக்கும்.

அடுத்து யூக்ளிட். இருண்ட பொருளையும் இருண்ட ஆற்றலையும் ஆராய 2023 ஜூலை 1 அன்று ஏவப்பட்ட தொலைநோக்கி. அந்த நவம்பரிலேயே, விண்மீன்களிலிருந்து வரும் ஒளி சிறிது சிறிதாகக் குறைவதைக் கவனித்தார்கள். விண்மீன்கள் மங்கவில்லை, கண்ணாடியில் பனி படிந்திருந்தது. தரையில் பொருத்தும்போது காற்றிலிருந்து காப்புறைகள் உறிஞ்சிய ஈரம், வெற்றிடத்தில் மெல்ல வெளியேறி, குளிர்ந்த கண்ணாடியில் உறைந்துவிட்டது. அதன் தடிமன் ஒரு டிஎன்ஏ இழையின் அகலம் அளவுதான்! தொலைநோக்கி முழுவதையும் சூடாக்கினால் பனி போய்விடும், ஆனால் உலோகம் விரிந்து கண்ணாடிகளின் ஒழுங்கு குலையும். அதனால் 2024 மார்ச்சில் ஒரே ஒரு கண்ணாடியைத் தேர்ந்து, மைனஸ் 147 பாகையிலிருந்து மைனஸ் 113 வரை மட்டும் சூடேற்றினார்கள். 100 நிமிடத்தில் 15 சதவீதம் கூடுதல் ஒளி உள்ளே வந்தது.

மைனஸ் 113 பாகை என்பதைச் "சூடு" என்று சொல்ல வேண்டிய இடம் அது.

1977இல் கிளம்பி இன்னும் வெளியே போய்க்கொண்டிருக்கும் வாயேஜர் கலங்கள் பற்றித் தனியாக எழுத வேண்டும். முதலில் உங்கள் கேள்விகள் வரட்டும்.

மாலைவெள்ளி:

அருமை ஐயா. எனக்கு ஒரு அடிப்படைக் கேள்வி. வாயேஜர் 1 பழுதாகி மறுபடியும் சரியானது என்று 2024இல் படித்தேன். அவ்வளவு தூரத்தில் இருக்கும் ஒரு கணினியைத் தொடாமல் எப்படிச் சரி செய்வது? "மென்பொருளை மாற்றினார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் என்ன நடந்தது?

நிரலாளன்:

இதற்கு நான் பதில் சொல்கிறேன் அக்கா. நிரல் எழுதிப் பிழைப்பவன் என்பதால், இந்த நிகழ்வை ஒவ்வொரு கட்டமாகப் பின்தொடர்ந்தேன்.

2023 நவம்பர் 14 முதல் வாயேஜர் 1 பேசிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் பேச்சில் பொருள் இல்லை. ரேடியோ அலை வருகிறது, அதில் ஏற்றப்பட்ட தரவு வெறும் குப்பை. கட்டளைகளை அது கேட்கிறது, செயல்படுகிறது. ஆகவே காது நன்றாக இருக்கிறது, வாயும் நன்றாக இருக்கிறது, தரவைப் பொட்டலம் கட்டும் கணினியில்தான் கோளாறு என்று முடிவு செய்தார்கள். அந்தக் கணினி 1970களில் செய்யப்பட்டது. கலத்தில் இருக்கும் எல்லாக் கணினிகளின் நினைவகத்தையும் கூட்டினாலே சுமார் 70 கிலோபைட்தான்.

2024 மார்ச் 1 அன்று ஒரு கட்டளை அனுப்பினார்கள். "உன் நிரலில் இந்தப் பகுதியைத் தாண்டி வேறு வரிசையில் ஓடிப் பார்" என்று சொல்வது போன்றது. கட்டளை போய்ச் சேர 22 மணி 30 நிமிடம், பதில் வர இன்னொரு 22 மணி 30 நிமிடம். மார்ச் 3 அன்று வந்த பதில் வழக்கமான வடிவத்தில் இல்லை. பார்த்தால் இதுவும் குப்பை போலத்தான் இருந்தது. ஆழ்வெளித் தொடர்பு வலையமைப்பின் பொறியாளர் ஒருவர் விடாமல் அதை அவிழ்த்துப் பார்த்தபோது, அந்தக் கணினியின் நினைவகம் முழுவதும் அப்படியே கொட்டிக் கிடந்தது! பழுதாவதற்கு முன் எடுத்த நினைவகப் பதிவோடு அதை வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். சுமார் 3 சதவீதம் சிதைந்திருந்தது. ஒற்றைச் சில்லு ஒன்று வேலை செய்யவில்லை.

சில்லை மாற்ற முடியாது. அதில் இருந்த நிரலை வேறு இடத்துக்குக் குடிபெயர்க்க வேண்டும். ஆனால் மொத்த நிரலும் உட்காரும் அளவுக்கு ஒரே இடத்தில் காலி இல்லை. ஆகவே துண்டு துண்டாக வெட்டி, கிடைத்த இடுக்குகளில் எல்லாம் செருகினார்கள். அது பாதி வேலைதான். நிரலின் மற்றப் பகுதிகள் பழைய முகவரியைத் தேடி அந்தச் செத்த சில்லுக்குப் போகும் அல்லவா? அந்த முகவரிகளை எல்லாம் தேடித் தேடித் திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டால் கதை முடிந்தது.

கலத்தின் உடல்நிலையைச் சொல்லும் பகுதியை மட்டும் முதலில், ஏப்ரல் 18 அன்று அனுப்பினார்கள். 20ஆம் தேதி பதில் வந்தது. ஐந்து மாதங்களுக்குப் பிறகு, கலம் எப்படி இருக்கிறது என்று அதுவே தெளிவாகச் சொன்னது. ஜூன் மாதத்துக்குள் நான்கு அறிவியல் கருவிகளும் தரவு அனுப்பத் தொடங்கின.

நான் நாள் முழுவதும் எழுதும் நிரலில் பிழை இருந்தால் அடுத்த நொடியே தெரிந்துவிடும், திருத்தி மறுபடி ஓட்டுவேன். ஒவ்வொரு முயற்சிக்கும் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும் என்றால் நிரலைப் படிக்கும் விதமே மாறிவிடும். தாளில் அச்சிட்டு, விரல் வைத்து, ஒவ்வொரு வரியாகப் போக வேண்டியிருக்கும்.

கணக்குப்பிள்ளை:

எல்லாம் சரி, திறமையை மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வியை யாராவது கேட்டாக வேண்டும். வாயேஜர் 1977இல் கிளம்பியது. கேமராக்களை 1990இல் அணைத்தாயிற்று. ஒவ்வொரு கருவியாக நிறுத்தி வருகிறார்கள். இந்தக் கலத்தோடு பேசுவதற்குப் பெரிய ஆன்டெனாக்களின் நேரம் செலவாகிறது. அதே நேரத்தைப் புதிய கலங்களும் கேட்கின்றன. புதிதாக ஒன்று அனுப்பி, நவீனக் கருவிகளோடு அளந்தால் கூடுதல் பலன் கிடைக்காதா? பழையதன் மேல் இருக்கும் பாசத்தால் முடிவெடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

வான்நோக்கி:

கணக்குப்பிள்ளை அவர்களே, இது நேர்மையான கேள்வி. பாசத்தை ஒதுக்கிவிட்டே பதில் சொல்கிறேன்.

சூரியக் காற்று வீசும் எல்லையைத் தாண்டி, விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் நின்று அளவெடுத்து அனுப்பிய கலங்கள் இரண்டுதான். வாயேஜர் 1 அந்த எல்லையை 2012 ஆகஸ்டில் கடந்தது, வாயேஜர் 2 2018 நவம்பரில் கடந்தது. மூன்றாவது கிடையாது. 2006 ஜனவரியில் கிளம்பிய நியூ ஹொரைசன்ஸ் இன்னும் எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறது. நாளைக்கே புதிதாக ஒன்றை ஏவினாலும் அது அங்கே போய்ச் சேரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை அந்த இடத்தின் காந்தப்புலத்தையும் பிளாஸ்மா என்ற மின்னூட்ட வாயுவையும் அளக்க வேறு ஆளே இல்லை. பழைய கருவியாக இருக்கலாம், ஆனால் அது நிற்கும் இடத்தை விலை கொடுத்து வாங்க முடியாது.

நீங்கள் சொல்வதில் உண்மையும் இருக்கிறது. அணு மின்கலம் கிளம்பும்போது சுமார் 470 வாட் தந்தது. ஆண்டுக்கு 4 வாட் குறைகிறது. 2025 பிப்ரவரி 25 அன்று வாயேஜர் 1இன் அண்டக்கதிர் கருவியை அணைத்தார்கள். அடுத்த மாதம் வாயேஜர் 2இலும் ஒன்று போனது. வீட்டில் ஒவ்வொரு அறை விளக்காக அணைத்துக்கொண்டே வந்து, ஒரு அறையில் மட்டும் வெளிச்சம் வைத்திருப்பது போலத்தான். கடைசி விளக்கும் அணையும் நாள் வரும். அதை யாரும் மறைக்கவில்லை.

பட்டறைக்காரர்:

வணக்கம். எனக்கு வானியல் தெரியாது, இரும்பு தெரியும். இறுகிப்போன திருகாணியோடு போராடியே என் ஆயுள் போனது. அதனால் ஜூஸ் ஊசியைப் படித்தவுடன் நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலத்தின் கதை நினைவுக்கு வந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

பென்னு என்ற சிறுகோளிலிருந்து மண்ணும் கல்லும் அள்ளிக்கொண்டு அதன் பேழை 2023 செப்டம்பர் 24 அன்று பூமிக்கு வந்தது. 60 கிராம் கிடைத்தால் போதும் என்பது இலக்கு. மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த தூளையும், இடுக்கு வழியாக எடுத்ததையும் சேர்த்தே 70 கிராம் வந்துவிட்டது. ஆனால் உள்ளே இன்னும் இருக்கிறது. மூடியைப் பிடித்திருந்த 35 இணைப்பாணிகளில் 33 கழன்றன, இரண்டு வரவில்லை.

என் பட்டறை என்றால் எண்ணெய் விடுவேன், சூடு காட்டுவேன், சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவேன், கடைசியில் துளைபோட்டு எடுப்பேன். அங்கே இதில் ஒன்றுகூடக் கூடாது. எண்ணெய் பட்டால் மாதிரி கெட்டுவிடும். துளையிட்டால் இரும்புத் தூள் விழுந்து, 450 கோடி ஆண்டுப் பழைய மண்ணோடு கலந்துவிடும். எல்லா வேலையும் நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள், கையுறை வழியாக நடக்க வேண்டும். பெட்டிக்குள் உயரமும் கிடையாது, நீளமான கைப்பிடி போட்டு முறுக்க முடியாது. மாதக்கணக்கில் நிறுத்திவைத்து, காந்தமாகாத அறுவைச் சிகிச்சைத் தர எஃகில் புதுக் கருவிகள் செய்து, வேறு இடத்தில் பழகிப் பார்த்து, 2024 ஜனவரியில்தான் இரண்டையும் கழற்றினார்கள். மொத்தம் கிடைத்தது 121.6 கிராம்.

இரண்டு ஆணிக்கு மூன்று மாதம் பொறுத்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வேகமாக முறுக்கித் தலையை உடைத்துவிட்டு, பிறகு நாள் முழுக்கத் தவித்த அனுபவம் எனக்கு நிறைய உண்டு. கை பரபரக்கும்போது கையை எடுத்துவிட வேண்டும். அது தெரிந்தவர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:

பட்டறைக்காரர் ஐயா, இதை நான் படித்ததே இல்லை. மிக்க நன்றி. வாயேஜர் நிற்கும் இடம் பற்றி வான்நோக்கி சொன்ன பதிலையும் ஏற்கிறேன், அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. ஆனால் எல்லாக் கலத்துக்கும் அது பொருந்தாதே? நிறுத்த வேண்டியதை நேரத்தில் நிறுத்துவதும் ஒரு திறமை இல்லையா?

வான்நோக்கி:

கட்டாயம். அதற்குக் கையாவை விட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

2013 டிசம்பர் 19 அன்று ஏவப்பட்ட கையா, கிட்டத்தட்ட 200 கோடி விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்தது. நம் பால்வீதியின் முப்பரிமாண வரைபடம் என்று இன்று நாம் வைத்திருப்பது அதன் உழைப்புதான். ஐந்து ஆண்டுக்குத் திட்டமிட்டது, பத்து ஆண்டுக்கு மேல் ஓடியது. கலத்தை நுட்பமாகத் திருப்ப உதவும் குளிர்வாயு தீரும் நிலை வந்ததும், 2025 ஜனவரி 15 அன்று அளவெடுப்பதை நிறுத்தினார்கள்.

அணைப்பதுதான் கடினமாக இருந்தது. ஏதாவது பழுது வந்தால் தானே மீண்டெழும்படி கட்டப்பட்ட கலம் அது. மாற்று அமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக உதவிக்கு வரும். இப்போது அது எழவே கூடாது. எழுந்து ரேடியோவை இயக்கினால் வருங்காலக் கலங்களுக்குத் தொந்தரவு. அதனால் முதலில் மற்றத் தொலைநோக்கிகள் இருக்கும் பகுதியை விட்டு விலகிய சூரியப் பாதையில் அதைத் தள்ளினார்கள். பிறகு கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, மென்பொருளைத் தாங்களே சிதைத்தார்கள். 2025 மார்ச் 27 அன்று கையா ஓய்ந்தது.

சிதைப்பதற்கு எதை எழுதினார்கள் தெரியுமா? மாற்று மென்பொருளின் ஒரு பகுதிக்கு மேல், அந்தத் திட்டத்தில் உழைத்த சுமார் 1500 பேரின் பெயர்களை எழுதினார்கள். அந்தப் பெயர்களோடு கையா இப்போது சூரியனைச் சுற்றி வருகிறது. அதன் தரவு இன்னும் தீரவில்லை, நான்காம் தொகுப்பு 2026 டிசம்பரில் வெளிவர இருக்கிறது.

மாலைவெள்ளி:

பெயர்களைப் பற்றிப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வேறு ஒரு கேள்வி. 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் பூமியில் மோதும் வாய்ப்பு 1 சதவீதம், அப்புறம் 2, அப்புறம் 3 என்று ஏறிக்கொண்டே போனது. பிறகு திடீரென்று "ஆபத்து இல்லை" என்றார்கள். என் வீட்டில் எல்லோரும் "முதலில் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டார்கள்" என்றுதான் சொன்னார்கள். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

இயற்பியல் ஆசிரியை:

தப்பாகக் கணக்குப் போடவில்லை அம்மா. இதை வகுப்பில் எப்படிச் சொல்வேனோ அப்படியே சொல்கிறேன்.

ஒரு மேசையில் சின்னப் பொத்தான் ஒன்றை வையுங்கள். அதுதான் பூமி. அதன் மேல் ஒரு நீளமான துணிப்பட்டையை விரியுங்கள். 2032 டிசம்பர் 22 அன்று சிறுகோள் இந்தப் பட்டைக்குள் எங்காவது இருக்கும், எங்கே என்று இப்போது தெரியாது. பட்டை நீளமாக இருக்கும்போது, அதில் பொத்தான் பிடித்திருக்கும் பங்கு மிகக் குறைவு. அதுதான் 1 சதவீதம்.

மேலும் பல இரவுகள் சிறுகோளைப் பார்க்கிறார்கள், பாதை துல்லியமாகிறது. பட்டையை இரண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டுகிறோம். பொத்தான் இன்னும் பட்டைக்குள்தான் இருக்கிறது. பட்டை சுருங்கியது, பொத்தான் சுருங்கவில்லை. அப்படியானால் பொத்தானின் பங்கு கூடத்தானே வேண்டும்? 2025 பிப்ரவரி 18 அன்று அது 3.1 சதவீதம் வரை போனது. இன்னும் வெட்டுகிறோம். ஒரு கட்டத்தில் வெட்டும் கோடு பொத்தானைத் தாண்டி மறுபக்கம் போய்விடுகிறது, பொத்தான் பட்டைக்கு வெளியே நிற்கிறது. அந்த நொடியில் எண் சரேலென்று சுழியத்துக்கு விழுகிறது. சில நாட்களுக்குள் அதுதான் நடந்தது.

ஆக, எண் ஏறியதும் சரி, விழுந்ததும் சரி. இரண்டுமே அளவீடு நன்றாகிக்கொண்டு வந்ததன் அடையாளம். துணியையும் பொத்தானையும் எடுத்து வீட்டில் ஒரு முறை செய்து காட்டுங்கள், சின்னப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். "வாய்ப்பு அதிகரித்தது" என்று தலைப்புப் போடுகிறவர்கள் இந்த நாலு வரியையும் சேர்த்துப் போட்டிருந்தால் எத்தனையோ பேரின் தூக்கம் கெட்டிருக்காது. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

நிரலாளன்:

டீச்சர், இந்தப் பொத்தான் விளக்கத்தை நான் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

வாயேஜர் 1 பற்றி இன்னொன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 2025இல் நடந்தது, பலருக்குத் தெரியாது. பூமியை நோக்கி ஆன்டெனாவை நிறுத்தி வைக்க, கலம் தன் அச்சில் உருளாமல் பார்த்துக்கொள்ளும் உந்துகருவிகள் இருக்கின்றன. முதன்மைச் செட்டின் சூடேற்றிகள் 2004இல் செயலிழந்தன. "போனது போகட்டும்" என்று மாற்றுச் செட்டுக்குத் தாவினார்கள். இருபது ஆண்டு ஓடியதில் மாற்றுச் செட்டின் எரிபொருள் குழாயில் கசடு படிந்து அடைக்கத் தொடங்கியது. போதாக்குறைக்கு, வாயேஜர்களுக்குக் கட்டளை அனுப்பும் கான்பெராவின் 70 மீட்டர் ஆன்டெனா, மேம்பாட்டு வேலைக்காக 2025 மே முதல் பல மாதங்கள் நிற்க இருந்தது.

அப்போது ஒருவர் பழைய முடிவையே கேள்வி கேட்டார். சூடேற்றிகள் உண்மையிலேயே செத்துவிட்டனவா, அல்லது மின்சுற்றில் ஏதோ ஒரு சலனத்தில் ஒரு சுவிட்ச் தவறான பக்கம் திரும்பிவிட்டதா? சுவிட்ச்தான் என்றால் திருப்பிப் போட்டுவிடலாம். ஆபத்து என்னவென்றால், கலம் வழிகாட்டி விண்மீனிலிருந்து அதிகம் விலகினால் உந்துகருவிகள் தாமாகவே எரியும். சூடேற்றி வேலை செய்யாத நிலையில் அப்படி எரிந்தால் சிறு வெடிப்பு நேரலாம். கட்டளை போக 23 மணி நேரம். இங்கே நாம் கவலைப்படத் தொடங்கும்போது அங்கே எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

ஆனாலும் துணிந்து கட்டளையை அனுப்பினார்கள். மார்ச் 20 அன்று பதில் வந்தது. தரவு வரத் தொடங்கி 20 நிமிடத்துக்குள் வெப்பநிலைக் கோடு மேலே ஏறியது. செத்துவிட்டது என்று 21 ஆண்டுகளாக ஏட்டில் எழுதி வைத்திருந்தது உயிரோடு இருந்தது.

பட்டறைக்காரர்:

தம்பி, "செத்துவிட்டது" என்று எழுதி வைத்த பொருளை மறுபடி எடுத்துப் பார்ப்பவர்தான் நல்ல மெக்கானிக்.

மாலைவெள்ளி:

கடைசியாக ஒன்று. இவ்வளவு பேசினோம், இரவில் வெளியே போய் நின்றால் வாயேஜர் 1 எந்தத் திசையில் இருக்கிறது என்று காட்ட முடியுமா? பார்க்க முடியாது என்று தெரியும். திசை மட்டும் போதும்.

வான்நோக்கி:

முடியும் அம்மா. விருச்சிகத்தில் சிவப்பாக மின்னும் கேட்டையைத் தெரியும் அல்லவா? அதிலிருந்து வடக்கே நிமிர்ந்து பார்த்தால் பாம்புதாரி மண்டலம், பெரிய வீடு போன்ற உருவம். அதன் வடக்கு உச்சியில் ஓரளவு பிரகாசமாக ஒரு விண்மீன் இருக்கும், ராசல்ஹேக் என்று பெயர். அதற்குக் கொஞ்சம் மேற்கே, வெறுமையாகத் தெரியும் இடம். வாயேஜர் 1 அந்தத் திசையில்தான் நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது.

2026 நவம்பர் நடுவில் அது பூமியிலிருந்து ஒரு ஒளிநாள் தொலைவை, அதாவது சுமார் 2590 கோடி கிலோமீட்டரை எட்டும். மனிதர் செய்த எந்தப் பொருளும் அந்தக் கோட்டை அதற்கு முன் தொட்டதில்லை. அதற்குப் பிறகு இன்று இதே நேரத்துக்கு நாம் அனுப்பும் ஒரு சொல், நாளை இதே நேரம் கடந்த பிறகுதான் அதைச் சேரும்.

மாலைவெள்ளி:

கேட்டையைத் தெரியும். இன்று மேகம் மூடியிருக்கிறது. விலகும் இரவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போகிறேன்.